கோப்பிக் கடையை மூடச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

கடையை மூட மாட்டேன். ஒரு மாதத்துக்கும் மூட மாட்டேன், ஒரு நாளைக்கும் மூட மாட்டேன். வாட்ஸ்அப்பில் எதை நீளமாக அனுப்பினாலும் பாதி வாசித்துவிட்டு "ஓகேம்மா" என்று போட்டுவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்காக எத்தனையோ மனு எழுதிய கை இது. இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்க வேண்டியதில்லை. யார் கேட்டாலும் வாசிக்கக் கொடு.

போன செவ்வாய்க்கிழமை நீ போன் எடுத்தபோது பொயிலர் கொதித்துக்கொண்டிருந்தது, முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "ஒரு மாசந்தாம்மா. கல்யாணம் முடியிற வரைக்கும் கடைய மூடி வையி. பொண்ணோட அப்பா பென்சன் வேலையா அடிக்கடி கச்சேரி ஆபீசுக்கு வாறவரு. ஒன்னய அந்த மேசைக்குப் பின்னால பாத்துட்டா நல்லா இருக்காது," என்றாய். ஏன் என்று கேட்டேன். "நீ டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனதா சொல்லியிருக்கேன்," என்றாய். நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "பொறகு பேசுறேம்மா," என்று வைத்துவிட்டாய். அது சம்மதம் இல்லை. கையில் பால் சட்டி இருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு இந்த ஒரு வாரத்தில் உனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் என் பக்கத்துத் தப்பை எழுதிவிட வேண்டும். இந்தப் பொய்யை நீயாகப் பழகவில்லை. நான்தான் பழக்கினேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. காய்ச்சலில் உடம்பு கொதிக்க, மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் உன்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பெருமழை. ஒரு தேத்தண்ணீர்க் கடைக்குள் ஏறினோம். மேசைகள் காலியாகக் கிடந்தன. காசு வாங்குகிறவர் எங்கள் கால்களைப் பார்த்தார். "தோட்டத்து ஆளுங்கதானே? அங்கிட்டு நின்னு குடிச்சிட்டுப் போங்க. உள்ள சேறாயிரும்," என்றார். எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் சப்பாத்துக் காலில் அதே சேற்றோடு நேரே உள்ளே போய் உட்கார்ந்தார். வெளியே தகரத்துக்குக் கீழே நின்று, கிளாஸை ஊதி ஊதி உனக்குக் குடிக்கக் கொடுத்தேன். "நாம ஏம்மா ஒக்காரல?" என்று கேட்டாய். "பஸ் வந்துரும்டா," என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நீ அந்த ஒன்றரை மணி நேரமும் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

பிறகு ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துப் பதுளைப் பாடசாலைக்கு வந்தாய். பாடசாலை அனுமதிப் பாரத்தில் தாயின் தொழில் என்று ஓர் இடம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் "தோட்ட அலுவலகம்" என்று எழுதினேன். வாசலுக்கு வந்ததும் உன் முகத்தைப் பிடித்து, "யாராச்சும் கேட்டா அம்மா ஆபீஸ்ல வேலைன்னு சொல்லு. கொழுந்து எடுக்கிறவன்னு சொல்லாத," என்றேன். நீ கெட்டிக்காரன். ஒரு தடவைதான் சொன்னேன், அன்றிலிருந்து நீ தவறவேயில்லை. உன்னைத் தேடி அந்தப் பாடசாலைக்கு வரும்போதெல்லாம் நான் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வேன். கொழுந்துச் சாறு ஏறிய விரல் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் வெளுக்காது. உன் அப்பா மட்டும் ஒரு தடவை கோபப்பட்டார். "நான் கவ்வாத்து வெட்டுறவன்னு எவன்கிட்டயும் சொல்லுவேன். புள்ளைக்கு ஏன்டி இத பழக்குற?" என்றார். தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டுகிற வேலை அவருக்கு. அதில் அவருக்கு அவ்வளவு கர்வம். நான் கேட்கவில்லை. அவர் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது கேட்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தோட்டம் தந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. நீ என்னைக் கொழும்புக்கு அழைத்துப்போனாய். நீ நல்லபடியாகத்தான் வைத்திருந்தாய், குறை சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலையேறியவளுக்கு நாள் முழுவதும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது தண்டனை மாதிரி இருந்தது. அப்படியொரு சனிக்கிழமை உன் கந்தோரைக் காட்டக் கூட்டிப்போனாயே, ஞாபகமிருக்கிறதா? உன் மேசையைக் காட்டினாய், கடலைக் காட்டினாய். எனக்கு அதெல்லாம் மனதில் நிற்கவில்லை. ஒரு மூலையில் கோப்பியும் தேத்தண்ணீரும் போடுகிற இடம் ஒன்று இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் அடங்கிவிடும். சுடுதண்ணீர்க் குழாய், அதற்குப் பக்கத்தில் தூள், பிறகு பால், பிறகு சீனி, கழுவத் தொட்டி, கீழே குப்பைக்கூடை. ஓர் ஆள் நின்ற இடத்தை விட்டு நகராமல் பத்துப் பேருக்குக் கொடுத்துவிடலாம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது உன்னோடு வேலை செய்யும் பெண்ணொருத்தி கோப்பி எடுக்க வந்தாள். "இது எங்கம்மா. மடுல்சீமையில டீச்சரா இருந்தாங்க," என்றாய், கொஞ்சமும் தடுமாறாமல். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு விஷயம் மாறி மாறி மனதில் ஓடின. ஒன்று அந்தத் தலையாட்டு. மற்றது அந்த மூலை.

அடுத்த வாரமே பதுளைக்கு ரயிலேறி உன் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். கச்சேரிக்குப் போகிற வீதியில் படத்துக்குச் சட்டம் போடும் நஸீர் நானாவின் கடைக்கு முன்பக்கம் ஓர் இடம் சும்மா கிடந்தது. ஏழடி அகலம், ஐந்தடி ஆழம். "இதுக்குள்ள என்ன செய்யப் போறீங்க தங்கச்சி? ஒரு அலுமாரி வைக்கவும் காணாதே," என்றார். "எனக்கு ரெண்டு கை நீளம் போதும் நானா," என்றேன். அவர் சிரித்தார். ஆனால் சாவியைக் கொடுத்தார்.

நீ ஒரு தடவைகூட உள்ளே வந்து பார்க்காததால் அதை எப்படி அமைத்தேன் என்று உனக்குத் தெரியாது. முதலில் மேசை. தச்சு வேலை பாஸ் நாலடி உயரத்துக்கு அடித்துக்கொண்டு வந்தார். என் நெஞ்சுக்கு வந்தது. "கடை மேசைன்னா இந்த ஒசரந்தாங்க. எல்லாக் கடையிலயும் இப்படித்தான்," என்றார். "எல்லாக் கடையிலயும் ஆம்பளைங்க நிக்கிறாங்க பாஸ். இங்க நான் நிக்கப் போறேன். அறுங்க," என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மேசைக் காலில் ஒரு சாண் அறுத்தார். அடுத்தது மின்சாரம். பொயிலரையும் கோப்பி அரைக்கும் மெஷினையும் ஒரே பிளக்கில் போட்டேன். நானாவின் கடை முழுவதும் இருண்டு, பாதி அறுத்த சட்டத்தோடு அவர் வெளியே ஓடிவந்தார். பொயிலருக்குத் தனி வயர் இழுத்த பிறகுதான் கரண்ட் போவது நின்றது. தண்ணீரை வாளியில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, ஓடுகிற தண்ணீரும் கழுவுகிற தொட்டியும் இல்லாமல் ஒரு கோப்பைகூட விற்கக்கூடாது என்றார். அவர் சொன்னது சரி. பின்பக்கத்திலிருந்து குழாய் இழுத்தேன்.

மற்றதையெல்லாம் என் கை போகிற போக்கில் அடுக்கினேன். கொழுந்து எடுக்கும்போது இரண்டு கையும் ஒன்றையொன்று இடிக்காமல் வேலை செய்யும். அந்தப் பழக்கம்தான். இடப்பக்கம் தூள், நடுவில் சுடுதண்ணீர், வலப்பக்கம் பால், அதற்கு அடுத்து சீனியும் கரண்டியும். ஒரு பெரிய பிழையும் செய்தேன். ஆவி பறப்பதைப் பார்த்தால் குளிரில் வருகிறவர்கள் ஏறுவார்கள் என்று பொயிலரை ஆட்கள் நிற்கும் பக்கமாக வைத்தேன். நாலாம் நாள், பசறையிலிருந்து வந்த ஒரு பெண் கோப்பையை எட்டி எடுக்கும்போது முன்கை பட்டுக் கொப்பளித்துவிட்டது. கடையை அப்படியே விட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பொயிலரைச் சுவர்ப் பக்கம் தள்ளி, முன்னால் ஒரு பலகை அடித்தேன். ஊரைக் கவர்வதற்காக நெருப்பை முன்னால் வைத்தவள் நான். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று நீ கேட்டால், பிழை செய்து திருத்தினவள் என்ற தகுதிதான் உண்டு.

கோப்பிக் கொட்டை நம் லயத்துக்குப் பின்னால் நிற்கிற மரங்களிலிருந்து வருகிறது. என்னோடு கொழுந்து எடுத்த பெண்கள் பறித்துக் காயவைத்துப் பஸ்ஸில் அனுப்புகிறார்கள். முதல் தடவை கருக வறுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். இப்போது பதம் தெரியும். கொஞ்சம் கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து அரைத்தது ஒன்று, வெறும் கோப்பி ஒன்று. தேயிலை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் வழக்கம்போல டஸ்ட் தேயிலையைத் தராசில் நிறுத்தார். லயத்தில் நமக்குக் கிடைத்ததும் அந்தத் தூசிதான். "அது வேண்டாங்க. நல்ல தூள் குடுங்க," என்றேன். கொண்டுவந்து ஒரு பிளேன்டீ போட்டுக் குடித்தேன். என் கையால் பறித்த கொழுந்து என்ன ருசி என்று முப்பத்தொரு வருஷம் கழித்து அந்த மேசையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அன்றே போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டேன். "என்ன பேர் போட? பதுளை கஃபேன்னு போடுவமா?" என்றார். "மடுல்சீமைக் கோப்பி, தேத்தண்ணின்னு போடுங்க. மூணு பாஷையிலயும் போடுங்க. பெரிசா," என்றேன். நீ போனில் அந்த போர்டின் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டாய். எனக்கு அப்போதே விளங்கியது.

கடைக்கு முன்னால் இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறேன். அடையாள அட்டைக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் கச்சேரிக்கு வருகிற சனம், வெலிமடையிலிருந்து மரக்கறி கொண்டுவருகிறவர்கள், சட்டத்தரணிமார், எல்லாரும் அதில்தான் உட்காருகிறார்கள். காலில் சேறு இருந்தால் நான் பிறகு கழுவிக்கொள்கிறேன்.

இப்போது அந்த இரண்டு விஷயம். நீ பேசிய செவ்வாய்க்கு அடுத்த வியாழக்கிழமை, பதினொரு மணி இருக்கும். கல்விக் கந்தோருக்கு வந்த ஒரு டீச்சர், நீலச் சேலை, தோளில் பை. "ஒரு கோப்பி தாங்கோ. சீனி குறைய," என்றாள். போர்டைப் பார்த்துத்தான் வந்தாளாம், தெரிந்த ஒருவரின் ஊர் மடுல்சீமையாம். நான் கோப்பி கலக்கும்போது அவள் கண் சுவரில் போய் நின்றது. நீ பட்டம் வாங்கிய படம், நஸீர் நானா சட்டம் போட்டுக் கொடுத்தது, அங்கேதான் தொங்குகிறது.

"இந்தப் போட்டோவில நிக்கிறவர் ஆர்?" என்றாள்.

"எம் மகன்," என்றேன். சொன்ன பிறகுதான் முகத்தை நன்றாகப் பார்த்தேன். நீ கட்டப்போகிறவள் என்று போனில் அனுப்பிய படத்திலிருந்த அதே முகம். "நீங்க துஷ்யந்திதானே? ஒக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. கோப்பையை மேசையில் வைத்தாள். "நீங்கள் டீச்சர் எண்டு உங்கட மகன் சொன்னவர். ரிட்டயர் பண்ணின பிறகா இந்தக் கடையைத் துவங்கினீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நல்ல பிள்ளை. எனக்குத் தப்பிக்க ஒரு வழியையும் அவளே காட்டினாள். "ஆமா" என்ற ஒரு சொல் போதும். நீ சொன்ன பொய்யும் நிற்கும், கடையும் நிற்கும், கல்யாணமும் நடக்கும். வாய்வரை வந்தது மகனே, மறைக்க மாட்டேன். ஆனால் உன் கந்தோரில் தலையாட்டினது போதும் என்று தோன்றியது. "இல்லம்மா. நான் டீச்சர் இல்ல. மடுல்சீமையில முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தேன். அவனோட அப்பா கவ்வாத்து வெட்டுனவரு. அவன் ஒங்ககிட்ட சொன்னது பொய். அந்தப் பொய்ய அவனுக்குப் பழக்கிவிட்டது நான்," என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "நீங்கள் கொழுந்து எடுத்தது எனக்கு ஒண்டும் இல்லை மாமி," என்றாள். அப்போதுதான் முதன்முதலாக மாமி என்றாள். "ரெண்டு வருஷமா என்னோட கதைக்கிறார். ரெண்டு வருஷம்! ஒரு நாள்கூடச் சொல்லத் தோணேல்லையா?" கண் நிறைந்துவிட்டது. பாதிக் கோப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. உன்னிடம் அவள் ஏன் நான்கு நாளாகப் பேசவில்லை என்று நீ குழம்பியிருப்பாய். இதுதான் காரணம்.

பயந்தேன். உன் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று அடுத்த மூன்று நாளும் யோசித்துக்கொண்டே கோப்பி கலக்கினேன். சித்தி என்னைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பிள்ளை மறுபடி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

திங்கட்கிழமை அவளுடைய அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. கடைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். "நீங்கள்தானே அவற்ற அம்மா?" என்றார்.

"ஆமாங்க. ஒக்காருங்க."

"உங்கட மகன் எங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறார்."

"ஆமாங்க. சொல்லியிருக்கான்."

"அதை இவ்வளவு லேசாச் சொல்லுறீங்கள். ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கேல்லை."

பெஞ்சிலிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். உள்ளே நானாவின் சுத்தியல் சத்தமும் நின்றது. நான் பொயிலரை அணைத்துவிட்டு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். "அவன் சொன்ன பொய்க்கு அவன் வந்து கேப்பான். சின்னதுல அத பழக்குனதுக்கு நான் கேட்டுக்கிறேன், மன்னிச்சிருங்க. ஆனா நான் கொழுந்து எடுத்ததுக்கும் இந்தக் கடைக்கும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேங்க. ஒங்ககிட்டயும் கேக்க மாட்டேன்," என்றேன். என் கையை மறைக்கவில்லை. என் குரல் நடுங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நடுங்கியது. ஆனால் முழுதாகச் சொல்லிவிட்டேன்.

அவர் குடையைப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். பிறகு பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, "ஒரு பிளேன்டீ தாங்கோ," என்றார். போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "இந்தக் கச்சேரியில முப்பது வருஷம் வேலையில இருந்தனான். தோட்டத்துச் சனம் விடியவே வந்து நிக்கும். பின்னேரம் வாங்கோ எண்டு நானும் எத்தினை பேரை அனுப்பியிருக்கிறன்." பரவாயில்லைங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் பரவாயில்லை என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை அது.

அவர் இளகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, "வாற சனிக்கிழமை பத்து மணிக்கு அவரை இஞ்ச வரச் சொல்லுங்கோ. பிள்ளையும் வருவா. கலியாணம் நடக்கிறதோ இல்லையோ, அதை அவ தீர்மானிப்பா. நான் குறுக்க நிக்க மாட்டன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே வெள்ளிக்கிழமை ரயிலேறு. ஹோட்டலில் சந்திக்கலாம், சித்தி வீட்டில் சந்திக்கலாம் என்று இடத்தை மாற்றப் பார்க்காதே. அவர்கள் வரச் சொன்னது இங்கே. உன்மேல் எனக்கு இருக்கிற பிரியத்தில் ஒரு துளி குறையவில்லை. ஆனால் அந்தப் பிரியத்துக்காக இத்தனை வருஷம் நான் செய்ததெல்லாம் உன்னைக் கூச்சப்பட வைத்ததுதான் என்றால், அதை இனிமேலும் செய்ய மாட்டேன். அவள் வேண்டாம் என்றால் அழுதுவிட்டு வேலைக்குப் போ. சரி என்றால், கல்யாண அட்டையில் பெற்றோர் பெயருக்குக் கீழே மடுல்சீமை என்று போடு. இரண்டில் எது நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் பொயிலர் போடுவேன்.

அவளிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும் என்று எனக்குப் போன் எடுத்துக் கேட்காதே. பொய்யை உனக்கு வாசலில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். உண்மையை நீயே சொல்லிக்கொள். எனக்கு நேரமில்லை, மேசைக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள்.

உன் அம்மா